ஜெயித்தால் மட்டும் போதுமா?

2022 நவம்பர் 21. பெங்களூரு சின்னசாமி மைதானம். விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாடும் அருணாச்சலப் பிரதேசமும் மோதுகின்றன. 50 ஓவரில் தமிழ்நாடு 2 விக்கெட் இழப்புக்கு 506 ரன். நாராயண் ஜெகதீசன் ஒருவரே 277. லிஸ்ட் ஏ ஆட்டம் ஒன்றில் ஒரு அணி 500-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. பதிலுக்கு ஆடிய அருணாச்சலம் 71-க்கு ஆல் அவுட். வெற்றி வித்தியாசம் 435 ரன்! மறுநாள் பேப்பரில் எல்லாம் உலக சாதனை, உலக சாதனை என்று ஒரே கொண்டாட்டம்.

சரியாக ஏழு நாள் கழித்து, நவம்பர் 28. காலிறுதி. எதிரே சௌராஷ்டிரா. தமிழ்நாடு 44 ரன்னில் தோற்று வெளியேறியது. அந்த வருடக் கோப்பையைத் தூக்கியதும் சௌராஷ்டிராதான்.

ஜெகதீசனின் திறமை பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தொடர்ச்சியாக ஐந்து சதம் அடிப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. அருணாச்சலத்துப் பையன்களைக் கேலி செய்யவும் ஒன்றும் இல்லை, அவர்கள் இப்போதுதான் உள்ளே வந்தவர்கள். கேள்வி வேறு. 435 ரன் வித்தியாசத்தில் ஜெயித்த ஒரு அணிக்கு அந்த வெற்றி தன்னைப் பற்றி என்ன சொல்லிக் கொடுத்தது? யோசித்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

அந்த அட்டவணையைப் போட்டது கிரிக்கெட் வாரியம். தமிழ்நாடு போய் அருணாச்சலத்தைக் கேட்டு வாங்கவில்லை. அதனால் அதில் தமிழ்நாட்டைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எதிரியைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைக்கும்போது ஒரு அணி யாரைக் கூப்பிடுகிறது? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் விலை கொடுத்து வாங்கும் வெற்றி

இந்தக் கேள்வியை வருடா வருடம் சண்டை போட்டு விவாதிப்பவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள். (நம்ம கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு கையில் பந்தைத் தூக்கி ஓடுகிற அவர்களுடைய ஃபுட்பால்.) அங்கே கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு சீசனில் 12 ஆட்டம். அதில் எட்டோ ஒன்பதோ குழுவுக்குள். மிச்சம் இருக்கும் மூன்று நான்கு ஆட்டங்களுக்கு எதிரி யார் என்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம்.

விருப்பம் என்று வந்ததும் பெரிய கல்லூரிகளில் பல என்ன செய்கின்றன தெரியுமா? ஒரு சின்னக் கல்லூரியைப் பணம் கொடுத்துக் கூப்பிடுகின்றன. வா, எங்கள் மைதானத்தில் ஆடு, தோற்றுவிட்டு செக்கை வாங்கிக்கொண்டு போ. பெரிய கல்லூரிக்குக் கணக்கில் ஒரு வெற்றி, டிக்கெட் வசூல். சின்னக் கல்லூரிக்கு வருடச் செலவுக்குப் பணம். இரண்டு பேருக்கும் லாபம் போலத்தான் தெரிகிறது.

2007 செப்டம்பர் 1 அன்று இந்த ஏற்பாடு ஒரு இடத்தில் கவிழ்ந்தது. நாட்டிலேயே ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன், சுமார் 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணியை அழைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். முடிவு: 34-32, ஜெயித்தது அப்பலாச்சியன் ஸ்டேட்! காசும் கொடுத்து அடியும் வாங்கிய கதை :-)

பெரிய கல்லூரிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பலமான அணியைக் கூப்பிட்டுத் தோற்றால் தண்டனை உண்டு. 2025 சீசனின் முதல் ஆட்டத்திலேயே டெக்சாஸ் அணி முந்தைய ஆண்டு சாம்பியன் ஓஹியோ ஸ்டேட்டின் மைதானத்துக்கே போய் 14-7 என்று தோற்றது. சீசன் முடிவில் மூன்று தோல்வி. 12 அணிகள் ஆடும் பிளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு ஆட்டத்துக்குப் பதில் ஒரு சுலபமான அணியோடு ஆடியிருந்தால் கணக்கில் இரண்டு தோல்விதான். அப்படியானால் தைரியசாலிக்கு என்ன மரியாதை என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை.

ஆக, சுலபமான எதிரியைத் தேடுவதற்குக் காரணம் வெறும் பயம் மட்டும் இல்லை. வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பரிசு கொடுக்கும் எந்த அமைப்பிலும் புத்திசாலிகள் அப்படித்தான் செய்வார்கள். இது டெக்சாஸுக்கு மட்டும் அல்ல, உத்திரமேரூருக்கும் பொருந்தும்.

ஏரிக்கரை டோர்னமெண்ட்

கோடையில் ஏரி வற்றினால் மைதானம். அறுப்பு முடிந்தால் வயலும் மைதானம். உத்திரமேரூரைச் சுற்றி இருக்கும் ஊர்களில் மே மாதம் என்றால் டென்னிஸ் பந்து டோர்னமெண்ட், பொங்கல் என்றால் கபடி, வாலிபால். பிளெக்ஸ் அடிப்பார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, யார் உபயம், நுழைவுக் கட்டணம் எல்லாம் பெரிய எழுத்தில். கீழே பொடி எழுத்தில் விதிமுறைகள். அதில் அடிக்கடி பார்க்கும் விதி: சுற்று வட்டார அணிகளுக்கு மட்டும் அனுமதி, வெளியூர் ஆட்களைச் சேர்க்கக் கூடாது.

இந்த விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காசு கொடுத்து வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டு உள்ளூர்ப் பையன்களை பெஞ்சில் உட்கார வைக்கும் அணிகள் உண்டு. அதைத் தடுக்கத்தான் வேண்டும். தெரியாத ஊர்க்காரர்கள் வந்தால் அம்பயர் தகராறு வரும், தகராறு ஊர்ச் சண்டையாக மாறும் என்ற பயமும் நியாயமே. ஆனால் வெளியூர் ஆளைச் சேர்ப்பது வேறு, வெளியூர் அணியை அழைப்பது வேறு. முதலாவதைத் தடுக்கப் போட்ட வேலி இரண்டாவதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. அதோடு யாரும் வெளியே சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. கோப்பை ஊரைத் தாண்டிப் போய்விடக் கூடாது!

விளைவு என்ன? அதே எட்டுப் பத்து அணிகள் திரும்பத் திரும்ப மோதுகின்றன. பக்கத்து ஊர் பவுலர் ஓடி வரும்போதே இது யார்க்கரா, வேகம் குறைத்துப் போடுவதா என்று பேட்ஸ்மேனுக்குத் தெரியும். பேட்ஸ்மேன் எந்தப் பக்கம் தூக்குவான் என்று பவுலருக்கும் தெரியும். ஆட்டம் ஆட்டமாக இல்லாமல் பழகிய பேச்சு வார்த்தை மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கிய அணி, தான் வளர்ந்திருக்கிறோம் என்று நம்புகிறது. அதே அணி காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ ஒரு ஓபன் டோர்னமெண்டுக்குப் போகிறது. முதல் சுற்றிலேயே வெளியே. திரும்பி வரும் வேனில் ஒரே சமாதானம்: "அவங்களுக்கு வசதி இருக்குடா, நமக்கு என்ன இருக்கு?"

வசதிக் குறைவு உண்மை. வலைப் பயிற்சி கிடையாது, கோச் கிடையாது, நல்ல தரை கிடையாது. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அந்த வேகத்தை, அந்தச் சுழலை, அந்த ரெய்டரின் காலை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது. வசதியை ஒரு வருடத்தில் உண்டாக்க முடியாது. அறிமுகத்தை உண்டாக்க முடியும்.

பெண் பிள்ளைகள் அணி என்றால் நிலைமை இன்னும் மோசம். சுற்று வட்டாரத்தில் கபடி ஆடும் பெண்கள் அணி ஒன்றோ இரண்டோதான். அவர்களுக்கு உள்ளூர் லீக் என்று ஒன்றே இல்லாதபோது, வெளியூர் அணியோடு ஆடுவது ஆடம்பரம் கிடையாது. அதை விட்டால் ஆட்டமே இல்லை.

பொங்கல் மேட்ச் சொல்லும் பாடம்

வலுத்த எதிரியைத் தேடிப் போய் ஆடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதா என்றால், அதுதான் இல்லை. இங்கே கிரிக்கெட் வேர் பிடித்ததே அப்படித்தான்.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் தொடங்கியது. வெள்ளைக்காரர்களுக்கான கிளப். இந்தியர்களுக்கு என்று ஒரு கிளப் வேண்டும் என்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை 1888-ல் உருவாக்கியவர் புச்சிபாபு நாயுடு. இந்திய இளைஞர்களைச் சேர்த்தார், சாமான்கள் வாங்கிக் கொடுத்தார், பழக்கினார். அவர் நினைத்திருந்தால் அந்தப் பையன்களை நாலு உள்ளூர் அணிகளோடு ஆட வைத்து, கோப்பை மேல் கோப்பையாக அடுக்கியிருக்கலாம். அவர் விரும்பியது வேறு: இந்தியர்களும் ஐரோப்பியர்களும் நேருக்கு நேர் மோதும் ஆட்டம். ஊரிலேயே அதிகப் பயிற்சியும் நல்ல மைதானமும் வைத்திருந்தவர்களோடு.

1908-ல் அந்த ஆட்டம் ஏற்பாடாகி நடப்பதற்குச் சற்று முன்னால் அவர் இறந்துபோனார். ஆட்டம் நிற்கவில்லை. பின்னால் அது மெட்ராஸ் பிரெசிடென்சி மேட்ச் என்று நிலைத்தது. 1915-16 முதல் 1951-52 வரை முதல்தர ஆட்டமாக நடந்தது. பொங்கல் சமயத்தில் நடந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் 'பொங்கல் மேட்ச்'. அந்த ஆட்டத்துக்குப் பின்னால் எந்த லீக்கும் இல்லை, புள்ளிப் பட்டியலும் இல்லை. ஜெயித்தால் அடுத்த சுற்று என்பதும் இல்லை. ஆடினார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தலைமுறையில் வந்தவர்தான் எம்.ஜே.கோபாலன். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மொறப்பாக்கத்தில் 1909-ல் பிறந்தவர். பட்டணத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை மட்டும்தான் கிரிக்கெட்டில் மேலே வர முடியும் என்று நினைப்பவர்கள் இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸ் - மைசூர் ஆட்டத்தோடு ரஞ்சிக் கோப்பை தொடங்கியபோது, அந்தப் போட்டியின் முதல் பந்தை வீசியது கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததால் ஒலிம்பிக் தங்கம் கைவிட்டுப் போனது.

பொங்கல் மேட்ச் முடிந்துபோன அடுத்த சீசனில், 1952-53-ல், அவர் பெயரிலேயே ஒரு கோப்பை தொடங்கியது. கோபாலன் கோப்பை. மெட்ராஸும் சிலோனும் மோதும் ஆட்டம். ஒரு மாநிலம் ஒரு நாட்டோடு ஆடியது! ரஞ்சிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. தோற்றால் ரஞ்சி அட்டவணையில் ஒரு புள்ளிகூடக் குறையாது. அமெரிக்கர்கள் மூளையைக் கசக்கும் அந்தப் பிரச்சினைக்கு மெட்ராஸும் கொழும்பும் எழுபது வருடம் முன்பே விடை கண்டுபிடித்திருந்தன: புள்ளிக் கணக்கிலிருந்து பிரித்து, பலமான ஆட்டத்தைத் தனியாக வை.

இதில் அதிகம் சம்பாதித்தது யார் என்று பார்த்தால் சிலோன்தான். அவர்களுக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா அணிகள் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடிவிட்டுப் போவார்கள். வருடா வருடம் நம்பி ஆடக்கூடிய முதல்தர எதிரி என்று கிடைத்தது மெட்ராஸ். 1981-ல் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து வந்தது. இந்திய மண்ணில் அவர்களுடைய முதல் டெஸ்ட் 1982 செப்டம்பரில், அதே சேப்பாக்கத்தில். துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்சிலும் 105, 105. ஆட்டம் டிரா. அந்நிய மண் என்று அவர்கள் மிரள ஒன்றுமில்லை, ஏனென்றால் சேப்பாக்கம் இலங்கை கிரிக்கெட்டுக்கு முப்பது வருடப் பழக்கம். அதன் பிறகு கோபாலன் கோப்பையின் வழக்கமான ஓட்டம் நின்றுபோனது.

தெரிந்த எதிரி, தெரியாத எதிரி

"தமிழ்நாட்டுக்குத் தென் மண்டலத்திலேயே பலமான எதிரிகள் இருந்தார்களே?" என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. 2001-02 வரை ரஞ்சி மண்டல வாரியாக நடந்தது. தென் மண்டலத்தில் கர்நாடகாவும் ஹைதராபாத்தும் சாதாரண அணிகள் அல்ல. பிரசன்னா, சந்திரசேகர் பந்தை வருடா வருடம் ஆடிய பேட்ஸ்மேன்களுக்கு சுழற்பந்து பழக்கம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இருந்தும் 1972-73 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். சேப்பாக்கம். எதிரே அதற்கு முன் தொடர்ந்து 14 முறை கோப்பை வாங்கிய பம்பாய். தமிழ்நாட்டு அணியில் வெங்கட்ராகவனும் வி.வி.குமாரும். பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்தது. பம்பாயின் இடக்கைச் சுழல் பந்து வீச்சாளர் பத்மாகர் ஷிவால்கர் 16 ரன்னுக்கு 8, 18 ரன்னுக்கு 5. மொத்தம் 34 ரன்னுக்கு 13 விக்கெட்! தன் சொந்த மைதானத்தில், தன் பலம் என்று நம்பிய சுழலிலேயே தமிழ்நாடு விழுந்தது.

பலமான எதிரி என்பதோடு பழகாத எதிரி என்பதும் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பக்கத்து மாநிலத்துச் சுழலை மனப்பாடமாக வைத்திருப்பது வேறு, புதிதாக வரும் ஒரு சுழலை அந்த இடத்திலேயே படிக்கக் கற்பது வேறு.

ஆனால் மண்டல முறையே எல்லாத் தோல்விக்கும் காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அடுத்த வருடமே பம்பாயின் அந்த 15 வருடச் சங்கிலியை அறுத்தது கர்நாடகா. அதுவும் தென் மண்டல அணிதான். ஆகவே எதிரியின் தரம் ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. 1954-55, 1987-88 என்று இரண்டே முறை ரஞ்சியை வென்ற தமிழ்நாடு, மண்டல முறை போன பிறகும் 2002-03, 2003-04 இரண்டிலும் இறுதிக்கு வந்து மும்பையிடமே தோற்றது என்பதையும் மறைக்க வேண்டாம்.

சமீபத்திய கணக்கு இன்னும் சுவாரசியம். 2024 மார்ச், ரஞ்சி அரையிறுதி, மும்பையில். மும்பை இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்னில் தமிழ்நாட்டைத் தோற்கடித்தது. அதே வருடம் ஆகஸ்டில் புச்சிபாபு நினைவுப் போட்டி. 12 அணிகளில் 10 வெளியிலிருந்து அழைக்கப்பட்டவை. கோயம்புத்தூரில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க லெவன் மும்பையை 286 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த மும்பை அணியில் சூர்யகுமார் யாதவும் ஸ்ரேயாஸ் ஐயரும் ஆடினார்கள். சங்கம் நினைத்திருந்தால் அந்த மாதத்தைச் சொந்த அணிகளோடு நிம்மதியாகக் கழித்திருக்கலாம். கழிக்கவில்லை. அது பாராட்ட வேண்டிய விஷயம்.

சரி, அந்த ரஞ்சி சீசனில் கோப்பை வந்ததா? வரவில்லை. 2024-25 காலிறுதியில் விதர்பாவிடம் 198 ரன்னில் தோல்வி. விதர்பாதான் சாம்பியன். பலமான அணியோடு ஆடினால் கோப்பை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிச்சயமாகக் கிடைப்பது ஒன்றுதான்: தான் எங்கே நிற்கிறோம் என்ற உண்மை, தேர்வுக்கு முன்னாலேயே.

அடி வாங்கினால் மனசு உடையாதா?

உடையும், அளவு மீறினால். 2022 மார்ச்சில் ஈடன் கார்டனில் ரஞ்சி நாக் அவுட் சுற்றில் ஜார்க்கண்ட் 880 ரன் அடித்தது. நாகாலாந்து 289. ஃபாலோ ஆன் கொடுக்காமல் ஜார்க்கண்ட் மறுபடியும் 417 ரன் அடித்து, மொத்த முன்னிலையை 1008 ஆக்கியது. ஆட்டம் டிரா. இரண்டு அணிகளில் யார் என்ன கற்றுக்கொண்டார்கள்? நாகாலாந்து வெயிலில் நின்றது, ஜார்க்கண்ட் ஸ்கோர் புத்தகத்தை நிரப்பியது.

அதனால் 'பலமான எதிரி' என்றால் நேரே மலையில் போய் முட்டிக்கொள்வது இல்லை. ஒன்றிரண்டு படி மேலே. பத்து ஆட்டம் ஆடினால் ஏழில் தோற்று மூன்றில் ஜெயிக்கக்கூடிய எதிரி. உத்திரமேரூர் அணி காஞ்சிபுரம் மாவட்ட லீக் அணியோடு ஆடலாம். சென்னை முதல் டிவிஷன் அணியோடு ஆட வேண்டிய அவசியம் இல்லை.

சதுரங்கக்காரர்கள் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். கிராண்ட்மாஸ்டர் நார்ம் வாங்க வேண்டுமானால் எதிராளிகளின் சராசரி ரேட்டிங் குறைந்தது 2380 இருக்க வேண்டும். அவர்களில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். பொதுவாக வேற்று நாட்டு ஆட்டக்காரர்களும் இருந்தாக வேண்டும். தெருவில் உள்ள எல்லோரையும் ஆயிரம் முறை ஜெயித்தாலும் பட்டம் கிடையாது. எத்தனை வெற்றி என்பதோடு யாரிடம் வெற்றி என்று கேட்கும் விதி இது.

2023 டிசம்பரில் சென்னையில் நடந்த கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி இன்னொரு உதாரணம். லெவோன் அரோனியன், மக்சூத்லு போன்றவர்களை இங்கேயே வரவழைத்தார்கள். கடைசி நேரத்தில் நம் பையன்களுக்காக அவசரமாக நடத்துகிறார்கள் என்ற விமர்சனமும் வந்தது. ஆனால் வந்தவர்கள் யாரும் விட்டுக்கொடுக்க வந்தவர்கள் இல்லை. அதில் முதலிடம் பெற்ற குகேஷ் கேண்டிடேட்ஸுக்குத் தகுதி பெற்றார். 2024 ஏப்ரலில் கேண்டிடேட்ஸை வென்றார், டிசம்பரில் உலக சாம்பியன் ஆனார். பலமானவர்களைத் தேடிப் போக எல்லோராலும் முடியாது. சில நேரம் அவர்களை ஊருக்கு அழைத்து வர முடியும்.

சொந்தக்காரன் எழுதும் கணக்கு

வணிகவியல் படிக்கும் யாருக்கும் இது புதிய விஷயம் அல்ல. ஒரு கம்பெனியின் கணக்கு சரி என்று கம்பெனிக்காரரே கையெழுத்துப் போட்டால் செல்லாது. வெளி ஆடிட்டர் வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரே தனிநபர் ஆடிட்டர் ஐந்து வருடத்துக்கு மேலும், ஒரே ஆடிட் நிறுவனம் பத்து வருடத்துக்கு மேலும் தொடரக் கூடாது என்கிறது. ஏன்? பழகப் பழகக் கண் மங்கிவிடும். தப்பு தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வாய் வராது.

இதையே உத்திரமேரூர் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைக்காகப் பிரபலம். எல்லோரும் ஓலையையும் குடத்தையும் மட்டும் சொல்வார்கள். அதைவிட முக்கியம் யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது. அதே ஆட்கள், அதே உறவு, அதே வட்டம் என்று சுற்றினால் கணக்கு கெட்டுவிடும் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்து ஊர் அணி என்பது உள் தணிக்கை. தேவைதான். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறையாவது வெளியிலிருந்து ஒருவர் வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் ஒன்றும் வேண்டாம்.

டோர்னமெண்ட் நடத்தும் ஊர்க்காரர்கள் 16 அணிகளில் இரண்டு இடத்தை வெளியூருக்கு ஒதுக்கலாம். நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் போதும். கோப்பை வெளியே போய்விடும் என்ற கவலைக்கு, சிறந்த உள்ளூர் அணிக்கு என்று தனிப் பரிசு வைத்துவிடலாம். அம்பயர் தகராறுக்கு, இரண்டு ஊருக்கும் சம்பந்தம் இல்லாத உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை நிறுத்தலாம்.

கல்லூரி அணிகள் மண்டலப் போட்டி தொடங்குவதற்கு முன்பே, தங்களைவிட நல்ல அணி என்று தெரிந்த இரண்டு கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதலாம். நட்பு ஆட்டம்தான், புள்ளி கிடையாது. தோற்ற ஸ்கோரையும் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஜெயித்ததை மட்டும் ஒட்டும் பழக்கம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. முதல்வர் கோப்பை மாதிரிப் போட்டிகளில் மாவட்டம் தாண்டியதும் நேராக நாக் அவுட்டில் புதிய எதிரியைப் பார்த்து மிரளும் அணிகளுக்கு அந்த இரண்டு ஆட்டம் பெரிய உதவி.

மாநில அளவில் கோபாலன் கோப்பை மாதிரி ஒன்று திரும்ப வர வேண்டும். இலங்கை என்றதும் இங்கே அரசியல் வந்துவிடும் என்பது தெரிந்ததே. 2013-ல் ஐபிஎல்லின் சென்னை ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆட முடியாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்த வலியை யாரும் சின்னதாக நினைக்க வேண்டாம். எதிரி கொழும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கல்லூரிப் பையன்களோடு தொடங்கலாம். மொறப்பாக்கத்துக்காரர் பெயரில் இருந்த கோப்பை, கிராமத்துப் பையன்களுக்கான ஒரு கோப்பையாகத் திரும்பினால் அவர் பெயருக்கும் பொருத்தம்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. வேன் வாடகை, சாப்பாடு, பந்து. ஒரு பிளெக்ஸில் சிரிக்கும் முகங்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தாலே இதில் ஒரு பகுதி கிடைத்துவிடும். முதல் வருடம் அந்த வெளியூர் அணிகள் வந்து உள்ளூரை அடித்து நொறுக்கிவிட்டுப் போகும். கூட்டம் திட்டும். "எதுக்குடா இவனுங்கள கூப்பிட்டீங்க?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இரண்டாவது வருடம் அதே பவுலரை இரண்டு பேர் ஒழுங்காக ஆடுவார்கள். அந்த இரண்டு பேரை உண்டாக்கத்தான் இவ்வளவு பேச்சும்.

அடுத்த மே மாதத்துக்குப் பிளெக்ஸ் அடிக்கப் போகும்போது, பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு விதியை மட்டும் மாற்றி எழுதக் கொடுங்கள்: வெளியூர் அணிகள் வரவேற்கப்படுகின்றன.